பெஞ்சு பிறந்த கதை

வைகாசி கருட சேவையன்று காஞ்சிபுரத்தில் கூட்டம் முழுக்கப் பெருமாளைப் பார்க்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தோள்களைப் பார்க்கிற பழக்கம். விடிகாலையில் வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தைத் தாண்டி கருடன் வெளியே வரும்போதே வாகனம் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கங்கைகொண்டான் மண்டபம் வரை போய்த் திரும்ப வேண்டும். வெயில் ஏறிக்கொண்டே வரும். தண்டுக்கு அடியில் இருப்பவர்கள் போக இன்னொரு பங்கு ஆட்கள் வெறுந்தோளோடு பக்கத்திலேயே நடந்து வருவார்கள். ஒருவர் முகம் கோணினால் போதும், பக்கத்தில் இருப்பவர் குனிந்து உள்ளே தோள் கொடுப்பார். முன்னவர் நழுவி வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். மேலே பெருமாள் ஒரு விரற்கடை சாய்ந்திருக்க மாட்டார்.

இதில் என்ன அதிசயம், தூக்க முடியாதவன் விலகினால் இன்னொருவன் தூக்க வேண்டியதுதானே என்று தோன்றும். 1863இல் லண்டனில் உட்கார்ந்து கால்பந்துக்குச் சட்டம் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. அவர்கள் ஊர் லீக் ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரர் அடிபட்டு வெளியேற, இன்னொருவர் முறைப்படி உள்ளே வர, 102 ஆண்டுகள் ஆயின.

மாற்று ஆள் என்ற பேச்சே இல்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. 1889 ஏப்ரலில் ரெக்ஸ்ஹாமில் வேல்ஸ் அணி ஸ்காட்லாந்தோடு ஆட வேண்டிய நாளில் வேல்ஸின் கோல்கீப்பர் வந்து சேரவில்லை. உள்ளூர்க்காரர் ஆல்ஃப் பியூ என்பவரைப் பிடித்துக் கம்பத்துக்கு நடுவே நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சாம் கில்லம் என்ற இன்னொரு கோல்கீப்பர் வந்து சேர, பியூ வெளியே போய்விட்டார். சர்வதேச ஆட்டத்தின் முதல் மாற்று அதுதான் என்பார்கள். மாப்பிள்ளை வருகிற வரைக்கும் மணையில் ஆள் உட்கார்ந்த கதை. வராதவனுக்குப் பதில் ஆள் வைத்தார்களே தவிர, விழுந்தவனுக்குப் பதில் ஆள் வைக்க மனசு வரவில்லை.

காரணம் எளிது. 11 பேர் தொடங்கினால் அந்த 11 பேர்தான் முடிக்க வேண்டும். அடிபடுவதும் ஆட்டத்தில் ஒரு பங்கு. மழை பெய்தால் ஏற்றுக்கொள்வதில்லையா, அதுபோல. இது கௌரவம் பேசுகிற காரணம். இன்னொன்று கொஞ்சம் அசிங்கமான காரணம்: மாற்று ஆள் உண்டு என்று சட்டம் போட்டால், களைத்துப்போனவனெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான், புதுக்கால் உள்ளே வந்துவிடும். ஏமாற்றுக்காரனுக்குப் பயந்து அடிபட்டவனைத் தண்டித்தார்கள். நட்பு ஆட்டங்களில் இரண்டு தரப்பும் முன்கூட்டிப் பேசிக்கொண்டால் ஆள் மாற்றலாம். கோப்பை என்று வந்துவிட்டால் முடியாது.

அப்படியானால் அடிபட்டவன் என்ன செய்வான்? எழுந்து நிற்கவே முடியாது என்றால் ஸ்ட்ரெச்சரில் போவான், அணி 10 பேரோடு ஆடும். நொண்டியாவது நிற்க முடியும் என்றால் அவனைக் கொண்டுபோய் பக்கக் கோட்டோரம், விங்கில், நிறுத்திவிடுவார்கள். பந்து அந்தப் பக்கம் வந்தால் தட்டிவிடட்டும், இல்லாவிட்டாலும் எதிரணியில் ஒருவனாவது அவனைக் கவனிக்க வேண்டியிருக்குமே என்று ஒரு கணக்கு. நம் தெரு விளையாட்டில் இதற்குப் பழைய பெயர் இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. ஆட்கணக்குக்கு இருக்கிறவன், ஆட்டக்கணக்குக்கு இல்லாதவன். இன்று அந்தச் சொல்லைப் பயன்படுத்த எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் இத்தனை பொருத்தமாக ஒரு சொல் இங்கிலீஷ்காரர்களிடம் இல்லை. அவர்கள் 'பயணி' என்று சொல்லிப் பார்த்தார்கள்.

நானும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு, இன்னொரு ஊர்ப் பள்ளி மைதானம், கணுக்கால் மடங்கிப் பூரி மாதிரி வீங்கிவிட்டது. "ஓரமா நில்லுடா, ஆளு கொறையக் கூடாது" என்றான் கேப்டன். எங்களிடம் 11 பனியன்தான் இருந்தது. நின்றேன். நான் நடுக்களத்தில் விட்டுவந்த இடத்துக்கு பேக் ஆடியவன் ஏறி வந்தான், அவன் இடத்துக்கு இன்னொருவன் நகர்ந்தான், அவன் பக்கமாகத்தான் மூன்று கோலும் விழுந்தன. என் கால் ஒன்றுதான் கெட்டது, நான்கு பேர் இடம் கெட்டது.

பிள்ளையார்பாளையத்தில் தறி போடுகிற அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. கோர்வைப் புடவை நெய்பவர் அவர். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் இழைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக வேண்டும். மூன்று நாடா. நெய்பவர் குழியில் உட்கார்ந்திருக்க, மறுகரைப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை எறிய வேண்டும். "அந்தப் பையன் ஜுரம்னு வரலைன்னா பாதி வேலை நடக்கும்னு நெனைக்காதீங்க தம்பி. தறியே நிக்கும்" என்றார். வேறு யாரையாவது உட்கார வைத்தால்? "கை மாறினா கரையில தெரிஞ்சிடும். புடவை வியாபாரி விரலை வெச்சுத் தடவியே சொல்லிடுவாரு."

இப்போது 1953ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி வெம்ப்ளிக்குப் போவோம். எஃப்.ஏ. கோப்பை ஃபைனல், போல்ட்டனுக்கும் பிளாக்பூலுக்கும். 38 வயது ஸ்டான்லி மாத்யூஸ் அதுவரை வாங்காத மெடலை வாங்கிய ஆட்டம் என்று உலகம் இதை நினைவில் வைத்திருக்கிறது. ஆட்டத்தின் பெயரே மாத்யூஸ் ஃபைனல் ஆகிவிட்டது. போல்ட்டன் பக்கமிருந்து பார்த்தால் இது எரிக் பெல்லின் ஃபைனல். பெல் இடப்பக்க ஹாஃப். மாத்யூஸ் பிளாக்பூலின் வலது விங். அதாவது மாத்யூஸ் பந்தை எடுத்துக்கொண்டு வருகிற வழியில் நிற்க வேண்டிய ஆட்களில் ஒருவர் பெல். முதல் பாதியிலேயே அவருக்குத் தொடைப் பின்தசை கிழிந்தது. மாற்று இல்லை. அவரை எதிர்க்கோல் பக்கத்து விங்குக்கு அனுப்பிவிட்டு, முன்வரிசை ஆள் ஒருவரை அவர் இடத்துக்குப் பின்னால் இழுத்தார்கள்.

வேடிக்கை, அந்த நொண்டிக் காலோடு பெல் எகிறித் தலையால் முட்டி ஒரு கோலும் போட்டார். போல்ட்டன் 3–1 முன்னிலை. அதன் பிறகு இடப்பக்கம் இற்றுப்போன கரை மாதிரி பிரிய ஆரம்பித்தது. பேக் ஆடிய ரால்ஃப் பேங்க்ஸுக்கும் தசை பிடித்துக்கொண்டது. மாத்யூஸ் அதே பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தார். ஸ்டான் மார்ட்டென்சன் மூன்றாவது கோலைப் போட்டுச் சமன் செய்ய, கடைசி நிமிஷத்தில் மாத்யூஸ் கொடுத்த பந்தை பில் பெர்ரி உள்ளே தள்ளினார். 4–3. மாத்யூஸின் திறமையை நான் குறைக்கவில்லை. எதிரே முழுசாக ஒரு இடப்பக்கம் இருந்திருந்தால் அன்று அவர் பெயரில் ஒரு ஃபைனல் இருந்திருக்குமா என்று கேட்பேன், அவ்வளவுதான்.

அந்தப் பத்து வருஷத்தில் வெம்ப்ளி ஃபைனல் என்றாலே யாருக்கு என்ன ஒடியுமோ என்று ஆகிவிட்டது. 1952இல் ஆர்சனலின் வாலி பார்ன்ஸ், முழங்கால்; தோல்வி. 1955இல் மான்செஸ்டர் சிட்டியின் ஜிம்மி மெடோஸ், தோல்வி. 1957இல் மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட் ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களில் ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மெக்பார்லண்ட் மோதிக் கன்ன எலும்பு உடைந்து போனார், நடுவில் ஆடுகிற ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் கோல்கீப்பர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டார், வில்லா 2–1. கோல் போட்டவர் யார் என்றால் அதே மெக்பார்லண்ட், இரண்டும். 1960இல் பிளாக்பர்னின் டேவ் வீலன் கால் ஒடிந்தது, 3–0 தோல்வி. 1961இல் லெஸ்டரின் லென் சால்மர்ஸ், மறுபடி தோல்வி. விதிவிலக்காக 1959இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மட்டும், கோல் போட்ட ராய் டுவைட் கால் ஒடிந்து போன பிறகு மிச்ச நேரமெல்லாம் 10 பேரோடு நின்று ஜெயித்தது.

1956ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன், போர்க் கைதியாக வந்து இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட ஜெர்மன்காரர். ஆட்டம் முடிய கால்மணி நேரம் சொச்சம் இருக்கும்போது பந்தைப் பிடிக்கக் குதித்தவரின் கழுத்தில் பர்மிங்ஹாம் ஆட்டக்காரரின் முழங்கால் இடித்தது. மயக்கம் தெளிந்து எழுந்தவர் தலையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே மிச்ச நேரமும் கோல் காத்தார். சிட்டி 3–1 ஜெயித்தது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. இதை வீரகாவியமாகப் பாடுகிறார்கள். எனக்கு அது குலை நடுங்குகிற கதை. வெளியே ஒரு பெஞ்சும் அதில் இன்னொரு கோல்கீப்பரும் இருந்திருந்தால் இந்தக் காவியம் தேவைப்பட்டிருக்காது.

இங்கிலாந்து இப்படித் தயங்கிக்கொண்டிருக்க, 1953 அக்டோபர் 11 அன்றே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மேற்கு ஜெர்மனி மாற்று ஆளை இறக்கிவிட்டது. சார்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஹோர்ஸ்ட் எக்கெல் வெளியே, ரிச்சர்ட் கோட்டிங்கர் உள்ளே. தகுதிச் சுற்றோடு சரி. உலகக் கோப்பையில் கிடையாது. 1958 அரையிறுதியில் பிரேசிலோடு 1–1 என்று பிரான்ஸ் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தபோது அதன் தடுப்பாட்டக்காரர் ரோபேர் ழொங்கே கால் உடைந்தது, முடிவு 5–2.

ஆட்டத்துக்கு நடுவே ஆள் மாற்றுவது வேறு, இரண்டு ஆட்டங்களுக்கு இடையே மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு 1962 நல்ல சாட்சி. சிலியில் நடந்த உலகக் கோப்பையின் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவுக்குத் தொடைத் தசை போய்விட்டது. அன்று மிச்ச நேரம் அவரும் விங்கில் சும்மா நின்றார். அவர் காலில் பந்து வந்தபோது செக்கோஸ்லோவாக்கியா ஆட்டக்காரர்கள் முரட்டுத்தனமாகப் பாயாமல் விட்டுக்கொடுத்ததைப் பெலே பிற்பாடு நன்றியோடு சொல்லியிருக்கிறார். அடுத்த ஆட்டத்தில் அவர் இடத்தில் அமரில்டோ இறங்கி ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். கரிஞ்சா மீதியைப் பார்த்துக்கொண்டார். பிரேசில் கோப்பையோடு ஊர் திரும்பியது. நான்கு வருஷம் கழித்து இங்கிலாந்தில், பெலே அடிபட்டு ஒதுங்கிய ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 3–1; அரைகுறையாகத் தேறித் திரும்பிவந்து போர்ச்சுகலோடு ஆடியபோது மறுபடி உதைபட்டு நொண்டி நின்றார், அதிலும் 3–1. முதல் சுற்றோடு பிரேசில் வெளியே. ஒரே ஆள் இல்லாத அணி ஒருமுறை கோப்பை வாங்குகிறது, ஒருமுறை படுத்துவிடுகிறது. பின்னால் நிற்கிறவன் யார் என்பதில்தான் வித்தியாசம்.

அதே 1962இல் நம் கதையும் ஒன்று உண்டு. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், கேப்டன் சுனி கோஸ்வாமி. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2–0 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் விழுந்தார். வெல்லிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் வளர்ந்த நம்மவர் அவர். ரஹீம் செய்ததை இன்று எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். தையல் போட்ட தலையோடு ஜர்னைலைப் பின்வரிசையில் நிறுத்த முடியாது, சரி, முன்வரிசைக்கு அனுப்பு என்று சென்டர் ஃபார்வர்ட் ஆக்கிவிட்டார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல். செப்டம்பர் 4 ஃபைனலில், அதே தென் கொரியாவுக்கு எதிராக, பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ் கம்பத்துக்கு நடுவே. மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருக்க, 2–1, தங்கம். அடிபட்டவனை விங்கில் ஒதுக்குகிற வழக்கத்தையே ரஹீம் தலைகீழாக்கி, எதிரணியின் கோல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன்பின் இன்றுவரை தங்கம் இல்லை.

இங்கிலாந்து லீக் கடைசியில் இறங்கி வந்தது 1965–66 சீசனில். ஓர் அணிக்கு ஒரே ஒரு மாற்று, அதுவும் காயம் பட்டால் மட்டும். சீசனின் முதல் நாள், 1965 ஆகஸ்ட் 21, போல்ட்டன் மைதானம். எரிக் பெல்லின் அதே போல்ட்டன்! விருந்தாளி சார்ல்ட்டன் அத்லெட்டிக். 11ஆவது நிமிஷத்தில் சார்ல்ட்டன் கோல்கீப்பர் மைக் ரோஸ் அடிபட்டார். 12ஆம் எண் பனியனோடு கீத் பீகாக் உள்ளே வந்தார். அவர் கோல்கீப்பர் இல்லை. ஒரே ஒரு மாற்றுதான் என்றால் யார் அந்த இடத்தைக் கோல்கீப்பருக்கு ஒதுக்குவார்கள்? ஆகவே தடுப்பாட்டக்காரர் ஜான் ஹ்யூயி கோலுக்குப் போனார், பீகாக் வெளிக்களத்தில் ஓடினார். சார்ல்ட்டன் 4–2 தோற்றது. முதல் மாற்று ஆள் வந்தும் இடம் மாறுகிற குழப்பம் அப்படியே இருந்தது. அதே நாளில் இன்னொரு ஊரில் பேரோ அணியின் பாபி நாக்ஸ் மாற்றாக வந்து கோலும் போட்டுவிட்டார்.

பயந்தது போலவே காயம் நிஜமா நடிப்பா என்ற பஞ்சாயத்தும் வந்தது. தொடையைத் தடவிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்தால் ரெஃப்ரி அவன் தசைக்குள் புகுந்தா பார்க்க முடியும்? இரண்டு சீசன் கழித்து, 1967–68இல், காரணம் கேட்பதை விட்டுவிட்டார்கள். யாரை வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம். நூறு வருஷம் எதற்குப் பயந்தார்களோ அதையே சட்டமாக்கியதும் பிரச்சினை தீர்ந்துபோனது.

உலகக் கோப்பைக்கு மாற்று வந்தது 1970இல், மெக்சிகோவில், இரண்டு பேர் என்ற கணக்கில். மே 31, தொடக்க ஆட்டம், மெக்சிகோ–சோவியத் யூனியன். இரண்டாம் பாதி தொடங்கும்போது செரெப்ரியானிகோவுக்குப் பதில் அனத்தோலி புசாச் இறங்கினார். அந்த இரண்டும் போதவில்லை என்பது அதே கோப்பையில் தெரிந்தது. இத்தாலியோடு அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி இரண்டு மாற்றையும் செலவழித்திருந்தது. பெக்கன்பவர் தோள் பிசகி, கையை நெஞ்சோடு கட்டுப்போட்டுக்கொண்டு ஆடினார். 4–3, இத்தாலி. பிறகு மெல்ல மெல்ல மூன்றாயிற்று. 2020இல் கொரோனாவை ஒட்டித் தற்காலிகமாக ஐந்து என்றார்கள், 2022இல் அது நிரந்தரமானது.

ஐந்து பேர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? சென்னையைப் பாருங்கள். 2017–18 ஐஎஸ்எல்லில் சென்னையின் எஃப்சி சாம்பியன். அரையிறுதியில் கோவாவை 3–0 அடித்த ஆட்டத்தில் ஒரு கோல் வியாசர்பாடி தனபால் கணேஷுடையது. அவர் வேலை கோல் போடுவது இல்லை. நடுக்களத்தில், தடுப்புவரிசைக்கு முன்னால் நின்று எதிரணியின் ஓட்டத்தை அறுப்பது. அடுத்த சீசனில் முழங்கால் காயம், கணேஷ் களத்தில் இல்லை. போன வருஷத்துச் சாம்பியன் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து அட்டவணையில் கடைசியாக நின்றது. பழியை ஒரு முழங்கால் மேல் போட மாட்டேன். போன சீசனில் 9 கோல் போட்ட ஜெஜெ வறண்டுபோனார், தோல்வி தோல்வியைக் கூட்டிவந்தது. ஆனால் ஜெஜெ கோல் போடாததை ஸ்கோர்போர்டு காட்டும். கணேஷ் இல்லாததை அது காட்டாது. பெஞ்சு 90 நிமிஷத்துக்கான மருந்து, ஒரு சீசனுக்கு அது போதாது.

நம் ஊர்ப் பக்கம் விடுமுறைக்கு செவன்ஸ் டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் செலவழிப்பதில் கொஞ்சம் பிடித்து, அணிக்கு நான்கு பனியன் கூடுதலாகத் தையுங்கள், ஓர் ஐஸ் பெட்டி வையுங்கள். பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டால், அதைவிட முக்கியமாகத் தலையைப் பிடித்துக்கொண்டால், ஓரமாக நில் என்று சொல்லாமல் வெளியே கூப்பிடுங்கள். ஆள் குறைந்துவிடுமே என்ற கவலை வேண்டாம். ஊர் ஆட்டங்களிலும் சிறுவர் ஆட்டங்களிலும் வெளியே போன ஆட்டக்காரர் மறுபடி உள்ளே வரலாம் என்று அந்தந்த நாட்டுச் சங்கங்கள் அனுமதிக்க 2017லிருந்தே கால்பந்துச் சட்டத்தில் இடம் இருக்கிறது.